நாலு தாள் இடைவெளி

வா கண்ணு, பக்கத்தில் உட்கார்.

உங்கள் வீட்டுச் சமையலறையில் காஸ் அடுப்புப் பற்றவைக்கும் லைட்டர் இருக்கும். அழுத்தினால் ‘டிக்’ என்று ஒரு நீலப் பொறி துள்ளும். அதை உன்னால் முடிந்த வேகத்தில் அழுத்தினால் ஒரு வினாடிக்கு எத்தனை பொறி வரும்? மூன்று வரும். கெட்டிக்காரக் கை என்றால் நான்கு. அதற்குள் கட்டைவிரல் வலிக்க ஆரம்பித்துவிடும்.

ஒரு பழைய பெட்ரோல் அம்பாசிடர் கார் நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது, அதன் இன்ஜினுக்குள் வினாடிக்கு நூறு பொறி அடிக்கிறது. ஒவ்வொன்றும் சரியான இடத்தில், சரியான நேரத்தில். அதற்குள் கம்ப்யூட்டர் கிடையாது. சிப் கிடையாது. செம்புக் கம்பிச் சுருள் ஒன்று, சின்னஞ்சிறு உலோகக் கதவு ஒன்று, இன்னும் இரண்டு மூன்று எளிய சாமான்கள். அவ்வளவுதான்.

அது எப்படி என்று பார்க்கலாமா?

இந்தப் பேச்சே ஒரு கேள்வியால்தான் வந்தது. எங்கள் தெருவில் ஆறாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய தாத்தா 1978இல் வாங்கிய வெள்ளை அம்பாசிடரை இன்னமும் ஓட்டுகிறார். ஒரு நவம்பர் மாதம், இரவெல்லாம் மழை கொட்டி ஓய்ந்த காலையில், அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“மாமா, வெயில் நாள்ல எங்க தாத்தா கார் உடனே ஸ்டார்ட் ஆகுது. மழை பெஞ்சா மட்டும் ஏன் மக்கர் பண்ணுது? கார் வெளியில நிக்கிற சாமான்தானே?”

எவ்வளவு நல்ல கேள்வி பார்! ‘மழை பெய்தால் பழைய கார் கிளம்பாது’ என்று பெரியவர்கள் சொல்லிவிட்டு ஆட்டோ பிடிக்கப் போய்விடுவார்கள். இவள் ‘ஏன்’ என்று நின்றாள். நீயும் அப்படி நிற்கிற பிள்ளைதான். இல்லாவிட்டால் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்க மாட்டாயே!

அவளுக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். பதில் கடைசியில்தான் வரும். கொஞ்சம் பொறுமை வேண்டும்.

முதலில், அம்பாசிடரைத் தெரியுமா? இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைப் பார்த்து, கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் செய்த கார் அது. 1950களின் கடைசியில் ஆரம்பித்து 2014 வரை அங்கே செய்தார்கள். குண்டாக, உருண்டையாக, கொழுக்கட்டை மாதிரி இருக்கும். அந்தக் காலத்து பெட்ரோல் இன்ஜினில் நான்கு சிலிண்டர்கள். சிலிண்டர் என்றால் உள்ளே பிஸ்டன் ஏறி இறங்கும் உருளை.

ஒவ்வொரு சிலிண்டரும் நான்கு வேலை செய்கிறது. பெட்ரோல் கலந்த காற்றை உறிஞ்சும். அதை நெருக்கி அமுக்கும். பற்றவைத்து, அந்த வேகத்தில் பிஸ்டனைத் தள்ளும். புகையை வெளியேற்றும். இந்த நான்கையும் முடிக்க இன்ஜின் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். ஆக, ஒரு சிலிண்டருக்கு இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி.

கணக்குப் போடு பார்ப்போம். நான்கு சிலிண்டருக்கு இரண்டு சுற்றில் நான்கு பொறி. ஒரு சுற்றுக்கு இரண்டு. இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால் வினாடிக்கு 50 சுற்று. 50 பெருக்கல் 2?

நூறு! ஆரம்பத்தில் சொன்ன நூறு வந்துவிட்டதா? சபாஷ்.

இப்போது ஒரு சிக்கல். பொறி எங்கே துள்ளுகிறது? சிலிண்டருக்கு ஒன்றாகப் பொருத்தியிருக்கும் ஸ்பார்க் பிளக்கின் நுனியில். அங்கே இரண்டு உலோக முனைகள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கின்றன. நடுவே சுமார் 0.6 மில்லிமீட்டர் இடைவெளி. சாதாரண ஏ4 தாள் ஒன்றின் கனம் 0.1 மில்லிமீட்டர் இருக்கும். ஆறு தாளை அடுக்கிப் பக்கவாட்டில் பார். அவ்வளவுதான் அந்த இடைவெளி.

‘இத்தனூண்டு இடைவெளிதானே, மின்சாரம் தாண்டிவிடாதா?’ என்று கேட்பாய். தாண்டாது கண்ணு. அமுக்கிய காற்றுக்குள் அந்த ஆறு தாள் தூரத்தைத் தாண்ட பத்தாயிரம் வோல்ட் வரைகூட வேண்டியிருக்கும். கார் பேட்டரி தருவது வெறும் 12 வோல்ட். உன் வீட்டுச் சுவரில் வருவதே 230தான்.

பன்னிரண்டைப் பத்தாயிரமாக்குவது எப்படி?

இதற்கான சூட்சுமத்தை 1831ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் லண்டனில் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்தார். சிறுவயதில் புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியவர் அவர். கட்ட வந்த புத்தகங்களையே படித்து விஞ்ஞானியானவர். ஒரு இரும்பு வளையத்தின் ஒரு பக்கம் செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றினார். எதிர்ப் பக்கம் வேறொரு கம்பியைச் சுற்றினார். இரண்டும் ஒன்றையொன்று தொடாது. முதல் சுருளை பேட்டரியில் இணைத்தார். இரண்டாவது சுருளோடு இணைத்திருந்த காந்த முள் ஒரு துள்ளுத் துள்ளியது. அப்புறம்?

அப்புறம் சும்மா இருந்துவிட்டது. முதல் சுருளில் மின்சாரம் ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஆனாலும் முள் அசையவில்லை. பேட்டரியைக் கழற்றினார். முள் மறுபடி துள்ளியது!

இதைக் கொஞ்சம் மனசில் அசைபோடு. மின்சாரம் சீராக ஓடும்போது பக்கத்துச் சுருளில் ஒன்றும் நடப்பதில்லை. அது தொடங்கும்போதும் நிற்கும்போதும்தான் நடக்கிறது. முதல் சுருள் ஒரு காந்தம் ஆகிறது. அந்தக் காந்த பலம் மாறும்போதுதான் இரண்டாவது சுருளில் மின்சாரம் பிறக்கிறது. எவ்வளவு சட்டென்று மாறுகிறதோ அவ்வளவு பலமாகப் பிறக்கும்.

புரிந்ததா? இல்லையென்றால் மேலே இருக்கும் பத்தியை இன்னொரு முறை படித்துவிட்டு வா. நான் காத்திருக்கிறேன். இது ஒன்று பிடிபட்டால் மீதியெல்லாம் தானாக வரும்.

காரில் அந்த இரண்டு சுருளும் ஒரே டப்பாவுக்குள் இருக்கின்றன. கால் லிட்டர் டம்ளர் அளவு உருளை. பெயர் காயில். உள்ளே தடித்த கம்பி சில நூறு சுற்று. தலைமுடி போன்ற மெல்லிய கம்பி அதைப்போல ஏறக்குறைய நூறு மடங்கு சுற்று. காற்றாடி நூல்கண்டைப் பார்த்திருப்பாய் அல்லவா? அதில் நூல் நெருக்கமாக அடுக்கடுக்காக இருக்குமே, அப்படித்தான் இருக்கும். சென்னையில் பாடி பக்கம் பஸ்ஸில் போயிருக்கிறாயா? அங்கே 1961இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனத்தின் தொழிற்சாலை இருக்கிறது. நம் நாட்டுக் கார்களுக்கு வேண்டிய மின்சாரச் சாமான்கள் பல அங்கே வரிசை வரிசையாகப் பிறந்தன.

சரி, காயிலுக்குள் ஓடும் மின்சாரத்தை யார் சட்டென்று நிறுத்துவது? அதற்குத்தான் நான் சொன்ன உலோகக் கதவு. மெக்கானிக் அண்ணன்கள் அதை ‘பாயின்ட்’ என்பார்கள். சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக இரண்டு உலோக வில்லைகள். ஒன்று அசையாது. இன்னொன்று ஒரு சின்னக் கையின் நுனியில் இருக்கும். அந்தக் கையைப் பக்கத்தில் சுழலும் நான்கு முனைத் தண்டு ஒன்று தள்ளித் தள்ளி விடும். முனை தள்ளும்போது கதவு திறக்கும். முனை நகர்ந்ததும் மூடிக்கொள்ளும்.

கதவு மூடியிருக்கும்போது காயிலில் மின்சாரம் ஓடுகிறது. காந்தம் வளர்கிறது. கதவு திறக்கிறது. மின்சாரம் அறுபடுகிறது. காந்தம் சரிகிறது. இருபதாயிரம் வோல்ட் வரை எழும்ப வல்ல ஒரு துள்ளல் பிறக்கிறது. பொறி!

மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் தண்ணீர் வேகமாக ஓடும்போது படக்கென்று அடைத்துப் பார்த்திருக்கிறாயா? குழாய் ‘டொக்’ என்று அதிரும். ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று நின்றால் அந்த வேகம் எங்கேயாவது முட்டத்தானே செய்யும்? அதுபோலத்தான் இதுவும்.

கதவு திறக்கும் அந்தக் கணத்தில் மின்சாரம் சும்மா விடாது. கதவு இடுக்கிலேயே தாண்டிவிடப் பார்க்கும். அப்படித் தாண்டினால் வில்லை கருகிப்போகும், பிளக்கில் பொறியும் சோர்ந்துவிடும். அதைப் பிடித்துக்கொள்ள விக்கெட் கீப்பர் மாதிரி ஒருவர் பக்கத்திலேயே நிற்கிறார். கண்டென்சர் என்று பெயர். விரல் நுனி அளவுச் சின்ன உலோக டப்பா. துள்ளும் மின்சாரத்தை லபக்கென்று தனக்குள் வாங்கிக்கொள்வார்.

இந்த அமைப்பை முழுமையாகக் கார்களுக்குக் கொண்டுவந்தவர் சார்லஸ் கெட்டரிங். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக்காரர். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். கண் கோளாறால் பாதியில் படிப்பை விட்டு, மறுபடி சேர்ந்து படித்தவர். டேட்டன் நகரில் நண்பர் ஒருவரின் வைக்கோல் கொட்டகையில், வேலை முடிந்த இரவுகளில் உட்கார்ந்து செய்து பார்த்தார். 1910 மாடல் காடிலாக் கார்களில் அது ஏறியது. அவரது நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம் டெல்கோ. ஸ்பெயின் நாட்டில் இந்த அமைப்பின் ஒரு பாகத்துக்கு இன்றும் ‘டெல்கோ’ என்றே பெயர். ஒரு கொட்டகையின் பெருமை எவ்வளவு தூரம் போயிருக்கிறது பார்!

அந்தப் பாகத்தை நம் ஊரில் டிஸ்ட்ரிபியூட்டர் என்கிறோம். பந்தியில் பாயசம் பரிமாறுகிறவர் அது. நடுவில் ரோட்டார் என்ற சின்னக் கை சுற்றி வரும். சுற்றிலும் நான்கு முனைகள். ஒவ்வொரு முனைக்கும் ஒரு வயர், ஒவ்வொரு வயருக்கும் ஒரு பிளக். ரோட்டார் எந்த முனைக்கு நேரே வருகிறதோ அந்த இலைக்குப் பாயசம். ஆனால் 1, 2, 3, 4 என்று வரிசையாகப் பரிமாறாது. அம்பாசிடரில் 1, 3, 4, 2 என்ற வரிசை. இன்ஜின் குலுங்காமல் ஓடுவதற்காக அப்படி. ரேடியேட்டர் பக்கம் இருப்பது ஒன்றாம் சிலிண்டர்.

இனி வேலைக்கு இறங்குவோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மழை விட்டிருந்தது. தாத்தா பழைய வேட்டித் துணி, பிளக் ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர், உப்புத்தாள் எல்லாம் எடுத்துவைத்தார். சிறுமிக்கு டார்ச் பிடிக்கும் வேலை. அது சின்ன வேலை இல்லை. வெளிச்சம் விழும் இடத்தில்தான் கண் போகும். நல்ல டார்ச் பிடிக்கிறவர்தான் முதலில் கோளாறைக் கண்டுபிடிப்பார்.

உனக்கு ஒரு வார்த்தை கண்ணு. ஸ்பானர் பிடிப்பது பெரியவர்கள் வேலை. இருபதாயிரம் வோல்ட் விளையாட்டில்லை. இன்ஜின் ஓடும்போது வயரைத் தொடக் கூடாது, ஃபேன் பக்கம் கையோ துப்பட்டாவோ போகக் கூடாது. தாத்தா முதலில் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். ஹேண்ட் பிரேக் போட்டார். பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றி ஒதுக்கினார். இன்ஜின் ஆறியிருக்கிறதா என்று பார்த்தார். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

“தம்பி, வயரைக் கழட்டறதுக்கு முன்னாடி நம்பர் போட்டுடணும். நான் ஒரு தடவை மாத்தி மாட்டிட்டு அரை நாள் தள்ளினேன்” என்றார் என்னிடம். சிறுமி வெள்ளை டேப்பைக் கிழித்து 1, 2, 3, 4 என்று எழுதி வயர் வயராக ஒட்டினாள். எழுத்து மணி மணியாக இருந்தது.

பிளக்கைக் கழற்றும் முன் அதைச் சுற்றியிருந்த மண்ணையும் தூசியையும் தாத்தா பிரஷ்ஷால் துடைத்தார். ஏன் சொல்? பிளக் வெளியே வந்ததும் அங்கே ஓட்டை. தூசி நேரே சிலிண்டருக்குள் விழுந்துவிடும்.

முதல் பிளக் வந்தது. மாம்பழத்தை வாங்கும்போது உன் பாட்டி என்ன செய்வார்? காம்புப் பக்கம் முகர்ந்து பார்த்தே உள்ளே எப்படி என்று சொல்லிவிடுவார் இல்லையா? பிளக்கின் மூக்கைப் பார்த்தும் அப்படிச் சொல்லலாம். சப்போட்டாத் தோல் மாதிரி இளம் பழுப்பு என்றால் உள்ளே எல்லாம் நலம். கரிச்சட்டி மாதிரி உலர்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. ஈரமாக எண்ணெய்ப் பிசுக்கு என்றால் இன்ஜின் ஆயில் மேலே ஏறுகிறது. வெளுத்துப்போயிருந்தால் உள்ளே சூடு அதிகம்.

நம் பிளக்குகள் மூன்று சப்போட்டா. ஒன்று மட்டும் கறுப்பு. மூன்றாவது சிலிண்டருடையது. “இதை ஞாபகம் வச்சுக்கோ” என்றேன். நீயும் வைத்துக்கொள்.

கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு இடைவெளியை அளந்தோம். அதற்கு ஒரு அழகான கருவி உண்டு. ஃபீலர் கேஜ். விசிறி மாதிரி விரியும் மெல்லிய எஃகுத் தகடுகள், ஒவ்வொன்றிலும் அதன் கனம் பொறித்திருக்கும். சிறுமி சரியான தகட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். இடைவெளி அதிகமாக இருந்தது. ஓடி ஓடி உலோகம் தேய்ந்துவிடும். வெளிப்பக்கக் கொக்கியை மட்டும் மெல்லத் தட்டிச் சரிசெய்ய வேண்டும். நடு முனையைத் தொட்டால் பீங்கான் விரிசல் விடும். திரும்ப மாட்டும்போது முதலில் விரலாலேயே திருக வேண்டும். ஸ்பானரை எடுத்து அவசரப்பட்டால் மரை போய்விடும், அப்புறம் பெரிய செலவு.

அடுத்து பாயின்ட். இந்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை இரண்டு கிளிப்தான் பிடித்திருக்கிறது. கழற்றி ஓரமாக வைத்தோம். ரோட்டாரை மேலே இழுத்தால் வந்துவிடும். உள்ளே அந்தக் குட்டிக் கதவு. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது ஒரு வில்லையில் சின்னக் குழி. எதிர் வில்லையில் அதே அளவுக்கு ஒரு மேடு. பொறி பட்டுப் பட்டு உலோகம் இங்கிருந்து அங்கே இடம் மாறியிருக்கிறது.

இன்ஜின் 3,000 சுற்றில் ஒரு மணி நேரம் ஓடினால் இந்தக் கதவு எத்தனை முறை திறக்கும் தெரியுமா? 100 பெருக்கல் 3,600. மூன்று லட்சத்து அறுபதாயிரம் முறை! தேயாமல் இருக்குமா? தண்டை உரசும் கையின் குதிகாலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். தேயத் தேயக் கதவு திறக்கும் அளவு குறையும்.

உப்புத்தாளால் தேய்த்து, சுத்தமான தாளை இடையில் விட்டு இழுத்துத் தூளை எடுத்தோம். மேடு பெரிதாகிவிட்டால் புது பாயின்ட்தான் மாட்ட வேண்டும். இது இன்னும் தாங்கும்.

இப்போது அளவு. கதவு முழுதாகத் திறந்திருக்கும் நிலையில் அளக்க வேண்டும். டாப் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, நான் பின்னாலிருந்து வண்டியை இம்மி இம்மியாகத் தள்ளினேன். “நில்லுங்க மாமா!” என்று குரல் வந்தது. தண்டின் முனை சரியாகக் குதிகாலில் வந்து நின்றிருந்தது. தாத்தா மறுபடி ஹேண்ட் பிரேக்கை இழுத்தார்.

அங்கே இருக்க வேண்டிய இடைவெளி சுமார் 0.38 மில்லிமீட்டர். உன் ஏ4 தாள் கணக்கில் நாலு தாள். தாத்தா ஒரு திருகைத் தளர்த்தி, தகட்டை இடையில் விட்டு, நகர்த்தி, இறுக்கினார். இறுக்கினதும் அளவு கொஞ்சம் மாறிவிட்டது. மறுபடி தளர்த்தினார். மூன்றாவது முறைதான் சரியாக வந்தது. தகடு தடையில்லாமல் நழுவவும் கூடாது, சிக்கவும் கூடாது. வெண்ணெயில் கத்தி போவது போல லேசான பிடிப்போடு போக வேண்டும். அந்தப் பிடிப்பைச் சிறுமியின் விரலும் உணரட்டும் என்று தாத்தா தகட்டை அவளிடம் கொடுத்தார். இழுத்துப் பார்த்துவிட்டு அவள் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும்!

நாலு தாள் ஏன் அவ்வளவு முக்கியம்? கதவு குறைவாகத் திறந்தால் மின்சாரம் இடுக்கில் தாண்டிவிடும். அதிகமாகத் திறந்தால் மூடியிருக்கும் நேரம் குறையும், காந்தம் வளர நேரம் போதாது. இரண்டிலும் பொறி இளைத்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. உன் பள்ளியில் காலையில் முதல் மணி எப்போது அடிக்கிறது? பிரார்த்தனைக்கு ஐந்து நிமிடம் முன்னால் இல்லையா? பிள்ளைகள் மைதானத்திலிருந்து வந்து சேர நேரம் வேண்டும். பெட்ரோலும் அப்படித்தான். பொறி பட்டதும் ஒரே கணத்தில் முழுதும் எரிந்துவிடாது. அதனால் பிஸ்டன் உச்சிக்கு வரும் சற்று முன்பே மணி அடித்துவிட வேண்டும். இன்ஜின் வேகம் கூடக் கூட மணியும் இன்னும் முன்னால் நகர வேண்டும். அதைச் செய்ய டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு குட்டி எடைகள் இருக்கின்றன. ராட்டினம் வேகமாகச் சுற்றும்போது தொட்டில்கள் வெளியே விரியுமே, அதேபோல இவையும் விரிந்து, கதவைச் சீக்கிரம் திறக்க வைக்கும். இதைச் செய்ய யாரும் பொத்தான் அழுத்துவதில்லை!

பாயின்ட் இடைவெளியை மாற்றினால் மணியடிக்கும் நேரமும் மாறிவிடும். ஆகவே டைமிங்கும் பார்க்க வேண்டும். தாத்தா பேட்டரியை இணைத்தார். காயிலின் நடு வயரை இன்ஜின் உலோகத்தோடு சேர்த்துக் கட்டினார். பாயின்ட் வயருக்கும் இன்ஜின் உடம்புக்கும் நடுவில் ஒரு 12 வோல்ட் பல்பை மாட்டிச் சாவியைத் திருப்பினார். கதவு மூடியிருந்தால் மின்சாரம் அதன் வழியே போய்விடும், பல்பு எரியாது. கதவு திறந்த கணத்தில் பல்பு எரியும். நான் மறுபடி தள்ளினேன். “எரிஞ்சுடுச்சு!” என்று ஒரு கூவல். பெல்ட் சக்கரத்தில் இருக்கும் குறி அந்த நேரத்தில் எங்கே நிற்கிறது என்று பார்த்து, டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பை மயிரிழை திருப்பினார். இதற்கு விலை உயர்ந்த கருவிகள் உண்டு. ஆனாலும் வீட்டில் செய்கிறவர்களுக்கு இந்தப் பல்பு முறைதான் நல்லது என்பேன். கண்ணுக்கு எதிரே கதவு திறப்பதைக் காட்டுகிறதே!

முடித்ததும் சாவியை உடனே அணைத்தார். கதவு மூடிய நிலையில் சாவியைத் திருப்பியே விட்டுவைத்தால் காயிலில் ஏறக்குறைய 4 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும், காயில் கொதித்துக் கெட்டுப்போகும்.

இனி அவள் கேள்விக்கு வருவோம். மழை!

ஓரமாக வைத்த மூடியை அவள் டார்ச்சோடு திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “மாமா, இதுக்குள்ள யாரோ பென்சில்ல கோடு போட்டிருக்காங்க.”

வாங்கிப் பார்த்தேன். உள்சுவரில் ஒரு முனையிலிருந்து விளிம்பு வரை, முடி போல ஒரு கறுப்புக் கோடு. விரலால் தேய்த்தேன், போகவில்லை. அது பென்சில் இல்லை கண்ணு. பொறி ஓடிய தடம்.

வேலியில் ஓட்டை இருந்தால் ஆடு வாசல் வழியாகவா வரும்? சுலபமான வழியில்தான் புகும். மின்சாரமும் அப்படித்தான். மூடியின் உள்ளே தூசி படிந்திருக்கிறது. மழை நாளில் காற்றில் ஈரம் அதிகம், உள்ளே மெல்லிய நீர்ப்படலம் வியர்க்கிறது. தூசியும் ஈரமும் சேர்ந்தால் மின்சாரம் அதன் மேல் நடக்க முடியும். பிளக்குக்குப் போக வேண்டிய இருபதாயிரம் வோல்ட் சுவரேறி விளிம்புக்குப் போய்விடுகிறது. போன வழியில் சுவர் கருகுகிறது. கரியும் மின்சாரம் கடத்தும் பொருள் அல்லவா? அடுத்த முறை அதே வழியில் இன்னும் சுலபமாகப் போகிறது. வெயில் நாளில் ஈரம் இல்லாததால் ஓரளவு சமாளிக்கிறது. மழை வந்தால் மூடியிலேயே எல்லாம் ஒழுகிவிடுகிறது.

“அதான் துண்டால தொடைச்சா சில நாள் கிளம்பிடுதா!” என்றார் தாத்தா. ஆமாம். ஈரம் போனால் வழி அடைபடும். ஆனால் கோடு விழுந்த மூடியைத் துடைத்து ஓட்டிக்கொண்டே இருக்க முடியாது. நாற்பது வருடத்துக்கு மேல் உழைத்த மூடி அது. சென்னை ஜி.பி. ரோட்டுக் கடைகளில் பழைய கார் சாமான் கிடைக்கும். தாத்தா அன்றே போய்ப் புது மூடியும் ரோட்டாரும் வாங்கிவந்தார்.

மூடியை மாட்டினோம். வெள்ளை டேப் எண்களைப் பார்த்து வயர்களைச் செருகினோம். இரண்டு சுழலில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

கறுத்திருந்த மூன்றாவது பிளக் ஞாபகம் இருக்கிறதா? அவளுக்கு இருந்தது. “மூடி மாத்தியாச்சு. ஆனா அந்த ஒரு பிளக் மட்டும் ஏன் கறுப்பு மாமா?”

அன்று இரவு எட்டு மணிக்கு, வாசல் விளக்கை அணைத்துவிட்டு, பானெட்டைத் திறந்துவைத்து இன்ஜினை ஓடவிட்டார் தாத்தா. நாங்கள் மூன்றடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றோம். கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு தெரிந்தது. மூன்றாம் வயரின் முனையில், பிளக்குக்கு அருகே, ரப்பர் வெடித்த இடத்தில் மின்மினி மாதிரி ஒரு நீலத் துடிப்பு. காதைத் தீட்டினால் ‘டிக் டிக்’ என்றும் கேட்டது. பிளக்குக்குப் போக வேண்டிய பொறியில் பாதி அங்கேயே வெளியேறிக்கொண்டிருந்தது. அதனால்தான் அந்தச் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் கரி படிந்திருக்கிறது.

“இன்ஜின் இப்ப எத்தனை சுத்து தாத்தா?”

“நின்ன இடத்துல ஓடுறப்ப நிமிஷத்துக்கு அறுநூறு இருக்கும்மா.”

உதட்டை அசைத்து அவள் கணக்குப் போட்டாள். இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. நிமிடத்துக்கு முந்நூறு. வினாடிக்கு ஐந்து. பிறகு அந்த நீலத் துடிப்பைப் பார்த்தபடியே விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள்.